மற்றவை

மூன்று முறை தட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி.
அப்போதும் பூட்டு தொங்கினால்
பேருக்கு எதிரே 'தொடர்பு இல்லை' என்று எழுதலாம்.
நான் ஐந்தாம் முறையும் போவேன்.
காசிமேட்டில் ஆள் பிடிக்க
விடியற்காலை மூன்று மணிக்கு மீன் ஏலத்தில் நிற்க வேண்டும்.
பகலில் கதவைத் தட்டுகிறவளுக்குக்
குறட்டைதான் பதில் சொல்லும்.

முதல் சுற்றில் எனக்கு இருபத்து நான்கு வயது.
தோளில் ரத்த அழுத்தக் கருவி, இடுப்பளக்க நாடா,
ஐஸ் பெட்டியில் நாற்பது குழாய்.
எண் 0417, தேசப்பன், துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர்,
சட்டைக் கையைச் சுருட்டியபடி கேட்டார்:
"இன்னா மருந்து குடுப்பே?"
மருந்து இல்லண்ணே, கேள்விதான்.
"எம்மாங் கேள்வி?"
அறுபத்திரண்டு.
"எம்மா நாளிக்கு?"
நீங்க இருக்கற வரைக்கும்.
சிரித்தார். பாதரசம் குதித்தது.
மறுபடி அளக்க வேண்டியிருந்தது.

ஒரு நெஞ்சை அறுத்துப் பார்த்தால்
அடைப்பு தெரியும், அடைத்தது எதுவென்று தெரியாது.
ஆறாயிரம் நெஞ்சுகளை அறுக்காமல்
கூடவே இருபது வருடம் நடந்தால்
யார் முதலில் விழுகிறார்,
விழுமுன் என்ன தின்றார், என்ன புகைத்தார் என்பது
மெல்ல ஒரு கோடாகும்.
பயிற்சியில் இப்படித்தான் சொன்னார்கள்.

நடந்தேன், இரண்டு வருடத்துக்கு ஒரு சுற்று.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தைக் கூட்டினால்
இன்னொரு சுற்றே முடித்திருக்கலாம்.
பீடிக் கணக்கில் ஆண்கள் பாதியைச் சொல்வார்கள்,
மீதியை உள்ளிருந்து மனைவிகள் சொல்வார்கள்.
உப்பு எவ்வளவு என்றால்
எல்லா வீட்டிலும் ஒரே விடை: "திட்டமாத்தான்."

நான்காம் சுற்றில் 0417-இன் வீட்டில்
ஏகவல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.
நான் வேறு நிறப் படிவத்தை எடுத்தேன்.
வலி எத்தனை மணிக்கு வந்தது?
"காத்தால. பல்லு வெளக்கசொல்ல."
பீடி?
"ஒரு கட்டு. அது இன்னாத்துக்கு இப்போ?"
அதற்கு முன்னால் வேறு ஏதாவது?
"மூணு மாசமா மேஸ்திரி நாளிக்கு வா, நாளிக்கு வான்னாரு.
புச்சா மிசினு வந்துட்ச்சாம்.
தெனம் சோத்து டப்பா எட்த்துனு போயி
கேட்டாண்ட குந்தினு வருவாரு.
டப்பாவ அப்டியே தொறக்காம கொணாருவாரு."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கடைசியில் 'மற்றவை' என்று
ஒன்றரை விரல் நீளத்தில் ஒரு கோடு.
கோடு தீர்ந்து, ஓரம் தீர்ந்து, பின்பக்கமும் எழுதினேன்.
அலுவலகத்தில் திட்டு விழுந்தது:
ஓரத்தைக் கம்ப்யூட்டர் படிக்காது.

ஓரத்தில் எழுதியது நான் மட்டுமில்லை.
திருவொற்றியூரில் லூர்துமேரி: மூடிய கம்பெனி, வராத பி.எஃப்.
வியாசர்பாடியில் பரிமளம்: வாரவட்டி.
கணக்குப் பிரிவு நஸ்ரீன்
ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து
எங்கள் கோழிக்கிறுக்கலைத் தட்டச்சு செய்தாள்,
எண்ணூற்றுச் சொச்சம் சாவு.

அழுத்தம், புகை, சர்க்கரை, கொழுப்பு
முதல் நாலு வரிசையை விட்டு அசையவே இல்லை.
அவற்றின் கீழே, கொஞ்சம் கோணலாக,
இன்னொன்று நின்றது.
அடுத்த சுற்றுப் படிவத்தில்
ஒரு கேள்வி கூடியிருந்தது.

இன்று எண் 6108, திவாகர்.
முதல் சுற்றில் என் ஐஸ் பெட்டிக்குள் கை விட்டு
அடி வாங்கிய பயல்.
சாப்பாட்டுப் பையை முதுகிலிருந்து கழற்றாமலே
படிக்கட்டில் உட்கார்ந்து கையை நீட்டினான்,
அதே தடிமன், அதே பச்சை நரம்பு.
"சீக்கிரம்க்கா, பதினோரு நிமிசம்தான் கீது."

கேள்வி அறுபத்து மூன்று.
போன ஒரு வருஷத்தில்
வேலை போய்விடுமோ என்று பயந்ததுண்டா?
எப்போதும், சில நேரம், இல்லை.

ஒரு கையில் பட்டை இறுகிக்கொண்டிருந்தது.
மறு கையில் போன் அதிர்ந்தது.
அவன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

அசையாதே, என்றேன்.
மறுபடி அளக்கணும்.